கைபேசியில் சான்றிதழ்: சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

செட்டிநாட்டில் ஒரு வரன் பற்றிய பேச்சு தொடங்கினால் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எந்த ஊர்? எந்தக் கோவில்? எந்தப் பிரிவு? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால், அதுவரை முகமே பார்த்திராத குடும்பத்தாருக்கும் எதிரே இருப்பவர் யார் என்பது விளங்கிவிடும்.

நகரத்தாருக்கு ஒன்பது கோவில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. இவற்றில் இளையாத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர். அங்குள்ள கைலாசநாதர், நித்தியகல்யாணி அம்மன் கோவிலைச் சேர்ந்தவர்களுக்கு ஏழு பிரிவுகள் உண்டு. திருமணம் என்றால் கோவிலுக்குச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். கோவிலிலிருந்து மாலை வர வேண்டும். அதன்பின் அந்தத் தம்பதி கோவில் கணக்கில் ஒரு ‘புள்ளி’. ரங்கூனில் கடை வைத்திருந்தாலும் பினாங்கில் குடியிருந்தாலும், ‘இன்னார் எங்கள் புள்ளி’ என்று ஊரில் உள்ள கோவில் சொன்னால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இன்று கைபேசியில் நிறுவப்படும் பாதுகாப்புச் சான்றிதழ் என்பதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். இருவருக்கும் நம்பிக்கையான மூன்றாவது இடம் ஒன்று ‘இவர் இன்னார்தான்’ என்று எழுதிக் கொடுக்கிறது. பெயர் மட்டும்தான் புதிது. ஆனால் கோவில் கணக்கில் இல்லாத ஒரு பொருள் இதில் இருக்கிறது. அதுதான் சாவி. அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்த ஏற்பாடு முழுவதும் காப்பாகவோ ஆபத்தாகவோ ஆகிறது. நம் நாட்டில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதுதான் வருத்தம்.

சான்றிதழ் என்றால் என்ன?

ஒவ்வொரு சான்றிதழுக்கும் பின்னால் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று பொதுச் சாவி. அதை ஊரறியக் காட்டலாம். மற்றொன்று ரகசியச் சாவி. அதை ஒருவருக்கும் காட்டக் கூடாது. ரகசியச் சாவியால் போட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியைக் கொண்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியை வைத்துக்கொண்டு ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. 1970களில் கணித அறிஞர்கள் கண்டறிந்த இந்த வித்தையின் மேல்தான் இன்றைய இணையப் பாதுகாப்பு நிற்கிறது.

‘இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது’ என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் கையொப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். அதில் உரியவர் பெயர் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்கும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்கும். இதற்கான பொது வடிவம் எக்ஸ்.509 என்ற பெயரில் 1988-இல் வகுக்கப்பட்டது.

வங்கியின் இணையதளத்துக்குள் நுழையும்போது முகவரிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் பலர். அது தளத்தின் சான்றிதழ். ‘நான்தான் உண்மையான வங்கி’ என்று வங்கி நமக்குக் காட்டும் அடையாளம். பயனர் சான்றிதழ் இதற்கு நேர் மறுபக்கம். ‘நான்தான் உண்மையான வாடிக்கையாளர்’ என்று பயனரின் கைபேசி வங்கிக்குக் காட்டும் அடையாளம்.

இதற்கும் கடவுச்சொல்லுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடவுச்சொல்லைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன நொடியில் அது இரண்டு பேருக்குத் தெரிந்த ரகசியம். தவறான இடத்தில் சொல்லிவிட்டால் போயிற்று. ரகசியச் சாவியை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எதிர்முனை ஒரு புதிய எண்ணை அனுப்பி ‘இதில் கையொப்பமிடு’ என்கிறது. கைபேசி கையொப்பமிட்டு அனுப்புகிறது. சாவி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ‘சார், பேங்க்ல இருந்து பேசுறோம், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க’ என்று பேசி ஏமாற்றுகிறவனுக்கு, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைச் சொல்லிவிட முடியும். ரகசியச் சாவியை வாயால் சொல்ல முடியாது. ஏனென்றால் அது உரியவருக்கே தெரியாது!

ஆக, கொள்கை அளவில் கடவுச்சொல்லைவிடவும் குறுஞ்செய்தி எண்ணைவிடவும் பயனர் சான்றிதழ் மேலானது. கோளாறு எல்லாம் அதை நடைமுறைப்படுத்தும் விதத்தில்தான்.

மின்னஞ்சலில் வரும் சாவி

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களின் கைபேசிக்குச் சான்றிதழ் தர முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் நடப்பது இதுதான். கணினிப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து அனைவருக்கும் சாவிகளை உருவாக்குகிறார். சான்றிதழையும் ரகசியச் சாவியையும் சேர்த்து ‘பி12’ என்ற வகைக் கோப்பாகக் கட்டுகிறார். அதற்கு ஒரு கடவுச்சொல் வைக்கிறார். கோப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறார். கடவுச்சொல்லையும் அதே மின்னஞ்சலின் கீழே எழுதிவிடுகிறார்.

பெறுபவர் அந்தக் கோப்பைத் தொடுகிறார். ஆண்ட்ராய்டு கைபேசி கடவுச்சொல் கேட்கும், திரைப்பூட்டு இல்லையென்றால் போடச் சொல்லும், சான்றிதழுக்கு ஒரு பெயர் கேட்கும். ஐபோன் ‘சுயவிவரம் பதிவிறக்கப்பட்டது’ என்று சொல்லி அமைப்புகள் பகுதிக்குப் போகச் சொல்லும். இரண்டு நிமிட வேலை. எல்லாம் முடிந்து ‘நிறுவப்பட்டது’ என்று வந்ததும் நிம்மதி.

ஆனால் அந்தச் சாவி இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நிம்மதி போய்விடும். உருவாக்கியவரின் கணினியில் ஒன்று. அவருடைய ‘அனுப்பியவை’ பெட்டியில் ஒன்று. பெற்றவரின் அஞ்சல் பெட்டியில் ஒன்று. கைபேசியின் பதிவிறக்கக் கோப்புறையில் ஒன்று. சான்றிதழ் சேமிப்பில் ஒன்று. நாளை அந்தச் சாவியால் ஒரு கையொப்பம் விழுந்தால், அதைப் போட்டது உரியவர்தான் என்று எப்படிச் சொல்வது? வீட்டுச் சாவிக்கு ஐந்து நகல் எடுத்து நாலு பேரிடம் கொடுத்துவிட்டு, பூட்டு நல்ல பூட்டு என்று பெருமைப்படுவது போலத்தான் இது.

சரியான வழி வேறு. சாவி கைபேசிக்குள்ளேயே பிறக்க வேண்டும். கைபேசி இரண்டு சாவிகளையும் தானே உருவாக்கிக்கொண்டு பொதுச் சாவியை மட்டும் வெளியே அனுப்பும். நிறுவனம் அதற்குச் சான்றிதழ் எழுதித் திருப்பி அனுப்பும். ரகசியச் சாவி ஒருபோதும் வெளியே வராது. இதற்கான வசதி எட்டாக்கனி அல்ல. ஐபோனில் 2013-இல் வந்த 5எஸ் முதலே ரகசியங்களுக்கென்று தனிப் பாதுகாப்புப் பகுதி உண்டு. ஆண்ட்ராய்டில் அதே 2013-இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து வன்பொருளுக்குள் சாவியை வைக்க வழி உண்டு. பெரிய நிறுவனங்கள் கைபேசிகளை மொத்தமாக மேலாண்மை செய்யும் மென்பொருள்கள் மூலம் இந்த முறையில்தான் சான்றிதழ் தருகின்றன. சிறிய இடங்களில்தான் ‘மெயில்ல அனுப்பிட்டேன், பாத்துக்கங்க’ என்ற பழக்கம் தொடர்கிறது.

ஒரே பெயரில் இரண்டு சமாச்சாரம்

இன்னொரு குழப்பம், ‘சான்றிதழ் நிறுவுக’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருப்பது.

முதலாவது, மேலே பார்த்த பயனர் சான்றிதழ். அது ‘நான் யார்’ என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, மூலச் சான்றிதழ். அது ‘நான் யாரை நம்புகிறேன்’ என்பதைச் சொல்கிறது. கோவில் உவமையில் சொன்னால், முதலாவது தன்னைப் புள்ளியாகப் பதிந்துகொள்வது. இரண்டாவது, பத்தாவதாக ஒரு கோவிலை ஏற்றுக்கொண்டு, ‘இனி அது யாரைக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்’ என்று எழுதிக் கொடுப்பது!

ஒரு புதிய மூலச் சான்றிதழைக் கைபேசியில் ஏற்றுக்கொண்டால், அதன் சொந்தக்காரர் எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் எழுதலாம். நடுவில் உட்கார்ந்துகொண்டு, பூட்டுப் படம் மாறாமலேயே, போகிற வருகிற கடிதங்களைப் பிரித்துப் படிக்கலாம். சில கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ‘வைஃபை வேண்டுமா, இந்தச் சான்றிதழை நிறுவு’ என்று சொல்கிறார்கள். மாணவர்கள் என்ன ஏது என்று பார்க்காமல் ‘சரி, சரி’ என்று தட்டிக்கொண்டே போகிறார்கள். கிடைப்பது இலவச இணையம், கொடுப்பது என்னவென்று தெரியாது.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து நூற்றுக்கணக்கான பொய்ச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றைக் கொண்டு ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களின் அஞ்சல் இடைமறிக்கப்பட்டது. அந்த நிறுவனம் அதே ஆண்டில் திவாலானது. 2019 ஜூலையில் கஜகஸ்தானில் இணைய இணைப்பு வேண்டுமானால் அரசின் மூலச் சான்றிதழை நிறுவிக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொல்லப்பட்டது. ஆகஸ்டில் கூகுள், மோசில்லா, ஆப்பிள் ஆகியவை தங்கள் உலாவிகளில் அந்தச் சான்றிதழைத் தடுத்தன.

வெளிநாட்டுக் கதை எதற்கு? 2014 ஜூலையில், நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் உடனே அந்தப் பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். அந்த நேரத்தில் இந்திய மூலச் சான்றிதழ் விண்டோஸ் கணினிகளின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இல்லாததால் கைபேசிகள் தப்பித்தன. ஒருவேளை யாராவது வசதிக்காக அதைத் தம் கைபேசியில் தாமே ஏற்றி வைத்திருந்தால், அவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது.

கைபேசி இயங்குதளம் செய்பவர்கள் இதைப் புரிந்துகொண்டு கதவை மெல்ல இறுக்கி வருகிறார்கள். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் தாமாகச் சேர்த்த மூலச் சான்றிதழை மற்றச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், சாதாரணச் செயலி எதுவும் ஒரு தட்டலில் மூலச் சான்றிதழை நிறுவிவிட முடியாது, பயனரே அமைப்புகளுக்குள் போய்த்தான் நிறுவ வேண்டும். ஐபோனிலும் 2017-க்குப் பிறகு, கையால் நிறுவிய மூலச் சான்றிதழுக்குத் தனியாக ஒரு பொத்தானை இயக்கி ‘முழு நம்பிக்கை’ தர வேண்டும்.

இவ்வளவு செய்தும் எச்சரிக்கை வாசகம் சாமானியனுக்குப் புரிவதாக இல்லை. ‘நீங்கள் இதை ஏற்றுக்கொண்டால், இதைக் கொடுத்தவர் உங்கள் கடிதங்களைப் படிக்க முடியும்’ என்று நல்ல தமிழில் ஒரே வரி போட்டால் பாதிப் பேர் நின்று யோசிப்பார்கள். அந்த வரியைக் கேட்டுப் பெறுவது தமிழ் பேசும் பயனர்களின் உரிமை.

இழுப்பறையில் இருக்கும் கையொப்பம்

கைபேசியை விட்டுக் கொஞ்சம் விலகி, நம் ஊர்களில் ரகசியச் சாவி எப்படி மதிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்னெண் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு அதில்தான் கிடைத்தது. 2002-இல் சேஃப்ஸ்கிரிப்ட் நிறுவனம் நாட்டின் முதல் சான்றளிக்கும் உரிமத்தைப் பெற்றது. பிறகு நிறுவனப் பதிவு, வருமான வரித் தணிக்கை, அரசு டெண்டர், 2017 முதல் ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாக மின்னெண் கையொப்பத்துக்கு மாறின. ரகசியச் சாவி வெளியே போகாதபடி விரல் நீளமுள்ள ஒரு யு.எஸ்.பி. டோக்கனில் வைத்துத் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்த டோக்கன் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கணக்கு பார்ப்பவரின் மேஜை இழுப்பறையில். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி, அதில் முதலாளியின் பெயரும் பின் நம்பரும். முதலாளிக்குத் தன் கையொப்பம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. கணக்கர் நல்லவர், நம்பிக்கையானவர் என்பதெல்லாம் சரி. அந்த அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் அந்த இழுப்பறை திறக்கும் என்பதுதான் கேள்வி.

சட்டம் இதில் கறாராக இருக்கிறது. அதன் 42-ஆவது பிரிவின்படி, ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள நியாயமான கவனம் எடுப்பது சான்றிதழ்தாரரின் கடமை. சாவி கைமாறிவிட்டது என்று தெரிந்தால் தாமதமின்றிச் சான்றளித்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்கிற வரை பொறுப்பு அவருடையதே. அதாவது, இழுப்பறையில் இருந்த டோக்கனால் யாரோ போட்ட கையொப்பத்துக்கும், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி எளிதில் தப்பிக்க முடியாது.

இந்தப் பழக்கம் அப்படியே கைபேசிக்கு வந்தால் என்ன ஆகும்? டோக்கனாவது ஒரே ஒரு பொருள். இழுப்பறையிலிருந்து எடுத்தால் காணோம் என்று தெரியும். மின்னஞ்சலில் வந்த பி12 கோப்பை நகல் எடுத்தால் எடுத்தது கூடத் தெரியாது.

உண்டியல் சொல்லும் பாடம்

இந்த இடத்தில் செட்டிநாட்டுக்காரர்கள் தங்கள் தாத்தாக்களின் நடைமுறையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார், ஏஜெண்டு அக்கரையில் இருப்பார். வழக்கமாக மூன்று ஆண்டுக் கணக்கு. ஒரு ஊரில் எழுதிய உண்டியலுக்கு இன்னொரு ஊரில் பணம் கிடைக்கும். எழுதியது எந்தக் கடை, எந்த விலாசம், யார் கையொப்பம் என்று பார்த்துத்தான் பணம் தருவார்கள். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கூட, இந்திய மொழிகளில் எழுதப்படும் இத்தகைய ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தில் தலையிடாமல் தன் முதல் பிரிவிலேயே விலக்கு அளித்தது. வழக்கம் அவ்வளவு பலமாக இருந்தது.

அதில் கவனிக்க வேண்டியது இது. முதலாளி தன் கையொப்பத்தை ஏஜெண்டுக்குக் கடன் கொடுக்கவில்லை. அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஏஜெண்டு கடையின் சார்பில் தன் பெயரில்தான் கையொப்பமிட்டார். தவணை முடிந்தால் அந்த அதிகாரமும் முடிந்தது. நடுவில் நம்பிக்கை கெட்டால் ரத்து செய்யலாம். யார் எழுதினார்கள் என்பதில் ஒருநாளும் குழப்பம் இல்லை.

இன்றைக்கும் அதே வழி திறந்துதான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் ‘அதிகாரம் பெற்ற கையொப்பதாரர்’ என்று இன்னொருவரைச் சேர்க்க வசதி உண்டு. சட்டம் அனுமதிக்கும் இடங்களில் அவருக்கு அவர் பெயரில் சான்றிதழ், அவருடைய சாவி அவரிடம். முதலாளியின் சாவி முதலாளியிடம். தாத்தா காலத்தில் தெரிந்திருந்த இந்த வேறுபாட்டைப் பேரன்கள் மறந்துவிட்டார்கள் என்றால், அதற்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மறுப்புகள்

‘கிராமத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு? குறுஞ்செய்தியில் எண் வருகிறது, போடுகிறார், வேலை முடிகிறது’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சிம் கார்டை வேறு ஆள் பெயரில் மாற்றி வாங்கி, எண்ணைத் தன் பக்கம் வரவழைக்கும் மோசடியில் முதலில் சிக்குவது விவரம் தெரியாதவர்கள்தானே? எளியவருக்குத்தான் வலுவான பூட்டு வேண்டும். 2016 ஏப்ரலில் தொடங்கிய யு.பி.ஐ. ஒரு நல்ல உதாரணம். அதில் செயலியைப் பதியும்போது கைபேசியே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, அந்தக் கருவியையும் சிம்மையும் கணக்கோடு பிணைத்துக்கொள்கிறது. டீக்கடைக்காரர் முதல் பூக்காரம்மா வரை எல்லாரும் இதைச் செய்துவிட்டார்கள். ‘கருவியே அடையாளம்’ என்ற கொள்கை கிராமத்துக்குப் புரியாது என்பது நகரத்தாரின் — பட்டணத்தில் வசிப்பவர்களின் — மூடநம்பிக்கை.

‘கைபேசி தொலைந்தால்?’ என்பது அடுத்த கேள்வி. சாவி கைபேசிக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருந்தால், கைபேசியோடு அதுவும் போய்விடும் என்பது உண்மை. போகட்டும். பழைய சான்றிதழை ரத்து செய்து, புதிய கைபேசியில் புதிய சாவியோடு புதிய சான்றிதழ் வாங்கிக்கொள்வதுதான் முறை. ஆனால் ரத்து செய்வது எளிதாக இருக்க வேண்டும். எஸ்டோனியாவில் 2017-இல் அடையாள அட்டைகளின் சில்லில் ஒரு குறை இருப்பது தெரியவந்தபோது, சுமார் 7,60,000 அட்டைகளின் சான்றிதழ்களை அந்த நாடு நிறுத்தி வைத்து, புதுப்பிக்கச் செய்தது. கைபேசி வழி அடையாளம் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குறை இல்லாததால் அவர்கள் வேலை நிற்கவில்லை. சான்றிதழ் கொடுப்பதைப் போலவே திரும்பப் பெறுவதையும் யோசித்து வைத்திருந்த நாடு அது.

‘சான்றிதழ் இருந்தால் எல்லா மோசடியும் நின்றுவிடுமா?’ நிற்காது. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி ஏமாற்றுபவன், சாவியைத் திருடாமலேயே உரியவர் கையாலேயே கையொப்பமிட வைக்கலாம். இன்னொரு குறையும் உண்டு. சான்றிதழில் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருப்பது வழக்கம். அதைக் கேட்கும் தளத்துக்கெல்லாம் காட்டினால், போகிற இடமெல்லாம் பெயரட்டை மாட்டிக்கொண்டு போவது போல. 2018-க்கு முந்தைய இணைப்பு முறைகளில் பயனர் சான்றிதழ் மறைக்கப்படாமலே பயணம் செய்தது. அந்த ஆண்டு வந்த டி.எல்.எஸ். 1.3-இல்தான் அது மறைத்து அனுப்பப்பட்டது. 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் பரப்பிவரும் ‘பாஸ்கீ’ முறை இதே இரட்டைச் சாவிக் கொள்கைதான். தளத்துக்கொரு தனிச் சாவி என்பதால் பெயரட்டைத் தொல்லை இல்லை. ஆகவே பொதுமக்கள் சேவைகளுக்கு அது பொருத்தம், அலுவலக வலைப்பின்னலுக்கும் வைஃபைக்கும் சான்றிதழ் பொருத்தம்.

என்ன செய்யலாம்?

நிறுவனங்கள் செய்ய வேண்டியது, பி12 கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும் பழக்கத்தை விட்டொழிப்பது. சாவி கைபேசிக்குள் பிறக்கும் முறைக்கு மாறுவது. மாறும் வரை, கோப்பு ஒரு வழியிலும் கடவுச்சொல் வேறு வழியிலுமாவது போகட்டும். நிறுவிய பின் கோப்பை அழிக்கச் சொல்லட்டும். வேலையை விட்டுப் போகிறவரின் சான்றிதழை அன்றே ரத்து செய்யட்டும்.

கல்லூரிகள், மூலச் சான்றிதழை நிறுவச் சொல்லும்போது அது எதைப் படிக்கும், எதைப் படிக்காது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வெறும் வைஃபைக்கு மட்டும் பயன்படும் சான்றிதழ் என்றால், அந்தப் பிரிவில் மட்டும் நிறுவும் வசதி இப்போதைய ஆண்ட்ராய்டில் தனியாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம்.

வங்கிகளுக்கு இப்போது நல்ல வாய்ப்பு. குறுஞ்செய்தி எண்ணைத் தவிர மற்ற முறைகளுக்கும் இடமளித்து 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் குறித்தன. கருவியில் இருக்கும் சாவியை ஒரு காரணியாக வைக்கும் வங்கிகள், அதைத் தமிழில் விளக்கியும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பயனர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. திரைப்பூட்டு இல்லாத கைபேசியில் எந்தச் சான்றிதழும் வேண்டாம். ‘நிறுவவா?’ என்று கேட்டால், இது ‘நான் யார்’ என்று சொல்வதா, ‘நான் யாரை நம்புகிறேன்’ என்று சொல்வதா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை அமைப்புகளுக்குள் போய், பயனர் சேர்த்த சான்றிதழ்கள் பட்டியலைத் திறந்து பார்த்து, தெரியாதவற்றை நீக்கலாம். கணக்கரிடம் இருக்கும் டோக்கனை இன்றே போய் வாங்கி வரலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே வாங்கி வருவதற்கு இன்னொரு காரணம்.

இளையாத்தங்குடிக் கோவில் கணக்கில் ஒரு புள்ளி என்றால் அது ஊரறிந்த பொருள். அதை எத்தனை பேர் பார்த்தாலும் தேய்ந்து போகாது. சான்றிதழும் அப்படித்தான், அது பிறர் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஆனால் வீட்டுப் பெட்டகச் சாவியை யாரும் கோவில் கணக்கோடு சேர்த்துக் கட்டி வைத்ததில்லை. அது அவரவர் இடுப்பில்தான் இருந்தது. கைபேசியிலும் அது அப்படியே இருக்கட்டும்.